பாப்பாவுக்கு சோறு எப்ப ஆரம்பிக்கலாம்? ரெண்டு தடவையும் தப்பா பண்ணவ சொல்றேன்

பெரியவனுக்கு நாலரை மாசத்துலயே ஊட்ட ஆரம்பிச்சுட்டேன், சின்னவளுக்கு ஏழரை மாசம் வரைக்கும் இழுத்துட்டேன். ரெண்டுமே தப்பு. மொதல்ல ஆபீஸ் திரும்பணுமேங்கற அவசரம், ரெண்டாவதுல குலதெய்வம் கோயில்ல வச்சுதான் மொத சோறுன்னு வீட்ல முடிவு பண்ணி, கோயில் கொடைத் திருவிழா முடியட்டும் தாய்மாமா லீவு கிடைச்சு வரட்டும்னு நாள் தள்ளிக்கிட்டே போயிட்டு. நான் டாக்டர் இல்ல, ஆனா இந்த ரெண்டு தப்புக்கு அப்புறம் டாக்டர்கிட்டயும் அங்கன்வாடி அக்காகிட்டயும் கேட்டு கேட்டு தெரிஞ்சுக்கிட்டதை, இப்பதான் மொதல் பிள்ளையோட முழிச்சுக்கிட்டு இருக்கறவங்களுக்காக வரிசையா எழுதறேன்.

மொதல்ல நாளை சரியா எண்ணுங்க

இதுல என்ன இருக்குன்னு நினைப்பீங்க, ஆனா பாதி குழப்பம் இங்கதான். "ஆறாம் மாசம் சோறூட்டு"ன்னு வீட்ல சொல்றாங்கல்ல, ஆறாம் மாசம்ங்கறது அஞ்சு முடிஞ்ச உடனே பொறந்துடும். டாக்டர் சொல்றது ஆறு முடிஞ்சு, அதாவது 180 நாள். ஜனவரி 10 பொறந்த பிள்ளைக்கு ஜூன் 10 ஆறாம் மாசம் ஆரம்பம், ஆனா ஆறு மாசம் முடியறது ஜூலை 10. ஒரே வார்த்தைல ஒரு முழு மாசம் வித்தியாசம் வந்துடுது பாருங்க. அதனால யார் "ஆறு மாசம்"னு சொன்னாலும் ஆரம்பமா முடிவான்னு கேட்டுக்கோங்க.

பவுடர் பால் குடிக்கற பிள்ளைக்கும் இதே கணக்குதான். குறை மாசத்துல பொறந்த பிள்ளைன்னா மட்டும் பொறந்த தேதியை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, எத்தனை வாரம் முன்னாடி பொறந்துச்சுங்கறதையும் சேர்த்து டாக்டர் சொல்ற நாள்தான் கணக்கு.

அப்புறம் இந்த "நாங்கல்லாம் நாலு மாசத்துலயே கொடுத்தோம், நீங்கல்லாம் வளரலையா" பேச்சு. எங்க அத்தை இதை சொல்லும்போது எனக்கு அவ்வளவு கோவம் வரும். பிறகுதான் தெரிஞ்சுது, அவங்க சொல்றது பொய்யில்ல. அவங்க பிள்ளை பெத்த காலத்துல உலக சுகாதார நிறுவனமே நாலுல இருந்து ஆறு மாசத்துக்குள்ளன்னுதான் சொல்லிட்டு இருந்துச்சு, 2001ல தான் ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்னு மாத்துனாங்க. நம்ம நாட்டுல குழந்தை உணவு டப்பாவுக்கான 1992 சட்டத்தையும் 2003ல திருத்தி ஆறு மாசத்துக்கு அப்புறம்னு ஆக்குனாங்க. அதனால அத்தைகிட்ட சண்டை போடாம "உங்க டாக்டர் அப்ப சொன்னது சரிதான் அத்தை, இப்ப மாத்திட்டாங்க"ன்னு சொல்லி பாருங்க, எங்க வீட்ல இந்த ஒரு வரி நல்லா வேலை செஞ்சுது.

அடுத்தது பிள்ளையை பாருங்க, காலண்டரை மட்டும் பாக்காதீங்க

ஆறு மாசம் நெருங்கும்போது மூணு விஷயம் கவனிக்கணும், மூணும் சேர்ந்து வரணும்.

கழுத்து நின்னுடுச்சா, மடியில சாஞ்ச மாதிரி உக்கார வச்சா தலை ஆடாம இருக்கா. இதான் முக்கியம். தலை நிக்காத பிள்ளைக்கு ஊட்டுனா முழுங்கறது சிரமம், புரையேறும்.

நாக்கு. சின்ன பிள்ளைங்களுக்கு வாயில எது வச்சாலும் நாக்கால வெளிய தள்ளற பழக்கம் இயற்கையாவே இருக்கும், அது பாதுகாப்புக்காக இருக்கறது. பெரியவனுக்கு நாலரை மாசத்துல நான் ஊட்டும்போது ஒரு ஸ்பூன் வச்சா முக்கால் ஸ்பூன் தாடையில வழியும், நான் அதை வழிச்சு வழிச்சு திரும்ப உள்ள தள்ளிட்டு இருப்பேன், "பிடிக்கல போல, சக்கரை போடலாமா"ன்னு யோசிச்சேன். பிடிக்காதது இல்லைங்க, அவன் நாக்கு இன்னும் ரெடி ஆகல, அவ்வளவுதான். ஒரு காலி ஸ்பூனை வாய்கிட்ட கொண்டு போய் பாருங்க, நாக்கு முட்டி தள்ளிட்டே இருந்தா சில நாள் கழிச்சு திரும்ப பாருங்க.

மூணாவது, கண்ணும் கையும் வாயும் ஒண்ணா வேலை செய்யுதா. பொருளை பாத்து, எட்டி எடுத்து, தானா வாய்க்கு கொண்டு போகுதா.

இப்ப ஏமாத்தற அறிகுறிகளை சொல்றேன், இதுலதான் நான் மாட்டினேன். கையை வாயில போட்டு சப்பறது, ராத்திரி எந்திரிச்சு அழறது, முன்னவிட அடிக்கடி பால் கேக்கறது, இதெல்லாம் "பால் பத்தல, சோறு கேக்குது"ன்னு அர்த்தம் இல்ல. நாலு மாசத்துல தூக்கம் குழம்பறது நிறைய பிள்ளைக்கு வர்றது, கூழ் கொடுத்தா ராத்திரி முழுக்க தூங்குவான்னு சொன்னாங்க, கொடுத்தேன், அவன் தூங்கல, எனக்கு ஒரு பாத்திரம் கழுவற வேலைதான் கூடுச்சு. எடை சரியா ஏறுதா, ஒண்ணுக்கு நல்லா போறானா, இதை பாத்தா பால் பத்துதா இல்லையான்னு தெரிஞ்சுடும். ஏதாவது உடம்பு காரணத்துக்காக சில பிள்ளைங்களுக்கு டாக்டரே கொஞ்சம் முன்னாடி ஆரம்பிக்க சொல்வாங்க, அது வேற. நாலு மாசத்துக்கு முன்னாடி மட்டும் யார் சொன்னாலும் வேண்டாம்.

ஆபீஸ் திரும்பறவங்களுக்கு ஒண்ணு. பிரசவ லீவு 2017ல 26 வாரம் ஆக்குனாங்க சரி, ஆனா பிரசவத்துக்கு முன்னாடியே எட்டு வாரம் வரைக்கும் எடுத்துக்கலாம்ங்கறதால நிறைய பேருக்கு பிள்ளை நாலு, நாலரை மாசத்துலயே லீவு முடிஞ்சுடும். எனக்கு நடந்தது அதான், பால் இல்லாத நேரத்துக்கு என்ன கொடுக்கறதுன்னு தெரியாம கூழுக்கு போயிட்டேன். பாலை பீய்ச்சி வைக்கலாம்னு யாரும் சொல்லல. ஃப்ரிட்ஜ்ல உள்பக்கமா வச்சா நாலு நாள் வரைக்கும் நிக்கும், வெளிய வச்சா 25 டிகிரிக்குள்ள நாலு மணி நேரம்னு சொல்வாங்க, நம்ம ஊர்ல 25 டிகிரி மார்கழியில வந்தாதான் உண்டு, அதனால பீய்ச்சின உடனே ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சுடுங்க. ஆறு மாசம் வரைக்கும் இப்படி ஓட்டிட முடியும்.

தள்ளிப் போடவும் கூடாது, இதை யாரும் சொல்ல மாட்டாங்க

சீக்கிரம் கொடுக்காதன்னு எல்லாரும் சொல்றாங்க, லேட் பண்ணாதன்னு சொல்ல ஆள் இல்ல. சின்னவளுக்கு ஏழரை மாசம் ஆகும்போது கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தா, எங்க அம்மா "என்னை மாதிரி கலரு"ன்னு சந்தோஷப்பட்டாங்க. டாக்டர் கண்ணை இழுத்து பாத்துட்டு ரத்த டெஸ்ட் எழுதினார், ஹீமோகுளோபின் 9 சொச்சம்.

காரணம் இதான். பிள்ளை வயித்துல இருக்கும்போது, அதுலயும் கடைசி மாசங்கள்ல, அம்மாகிட்ட இருந்து இரும்புச்சத்தை சேத்து வச்சுக்கும். அந்த சேமிப்பு சுமாரா ஆறு மாசம் வரைக்கும்தான் வரும். தாய்ப்பால் எவ்வளவு உசத்தியா இருந்தாலும் இரும்பு அதுல ரொம்ப கம்மி, ஒரு லிட்டர்ல அரை மில்லிகிராம் கூட இருக்காது. அதனால ஆறு மாசத்துக்கு மேல பால் மட்டும்னா பிள்ளை பசி இல்லாம கொழுகொழுன்னு இருக்கும், ரத்தம் மட்டும் குறைஞ்சுட்டே வரும். ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு தடவை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் அரசாங்கத்துலயே இலவசமா தர்றாங்க, அங்கன்வாடியிலயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ கேட்டு வாங்குங்க, நான் ரெண்டு பிள்ளை பெத்த பிறகுதான் இதை கேள்விப்பட்டேன்.

கோயில் விஷயத்துக்கு என் யோசனை, வீட்ல ஆறு மாசம் முடிஞ்சதும் ஆரம்பிச்சுடுங்க, குருவாயூரோ பழனியோ குலதெய்வமோ, நாள் கிடைக்கும்போது அங்க போய் மாமா மடியில வச்சு முறைப்படி ஊட்டிக்கலாம். பெரியவங்களுக்கு மனசு கோணாம இருக்கணும்னா வீட்ல கொடுக்கறதை "ருசி காட்டறோம்"னு சொல்லிக்கோங்க, சாமி கோவிச்சுக்காது. ஆறு மாசம் முடிஞ்சும் கழுத்து சரியா நிக்கலைன்னா அது தனி விஷயம், காத்துட்டு இருக்காம டாக்டர்கிட்ட காட்டுங்க.

மொத நாள்

தடுப்பூசி போட்ட நாள், சளி காய்ச்சல் இருக்கற நாள், ஊருக்கு கிளம்பற நாள் வேண்டாம். காலையில ஒரு பத்து மணி வாக்குல, பிள்ளை தூங்கி எந்திரிச்சு குஷியா இருக்கும்போது, பசியில கத்தற நேரமாவும் இல்லாம வயிறு முட்ட குடிச்ச நேரமாவும் இல்லாம, கொஞ்சம் பால் கொடுத்துட்டு உக்கார வைங்க. காலைன்னு சொல்றதுக்கு காரணம், ஏதாவது ஒத்துக்காம போச்சுன்னா பகல்லயே தெரிஞ்சுடும், டாக்டர் இருப்பாங்க.

உக்கார வச்சுதான். எங்க ஊர் பக்கம் கால்ல படுக்கப் போட்டு பாலாடை சங்குல கஞ்சியை ஊத்தி மூக்கை பிடிச்சு முழுங்க வைக்கற கைவரிசை இன்னும் இருக்கு, ஆச்சிமாருக்கு அதுல பெருமை வேற. தயவுசெஞ்சு அப்படி பண்ண விடாதீங்க, புரையேறி நுரையீரலுக்கு போயிடும்.

என்ன கொடுக்கறது? குழைய வேக வச்ச சாதத்துல பாசிப்பருப்பு சேத்து மசிச்சு ஒரு சொட்டு நெய் விட்டு, இல்லன்னா கேழ்வரகு கூழ், இல்லன்னா ஆவியில வேக வச்ச நேந்திரம்பழம் மசிச்சது, கேரட், பூசணிக்காய், சக்கரவள்ளிக்கிழங்கு. எதை மொதல்ல கொடுக்கணும்னு சாஸ்திரம் எதுவும் இல்ல. மொத நாள் ரெண்டு மூணு ஸ்பூன் போதும், பாதி சட்டைக்குதான் போகும்.

இங்க ஒண்ணு கத்தி சொல்லணும்: பருப்புத் தண்ணி சாப்பாடு இல்ல. பருப்பை வேக வச்சு மேல தெளிஞ்ச தண்ணியை இறுத்து கொடுத்துட்டு அடியில இருக்கற பருப்பை நாம சாம்பார் வச்சு சாப்பிடறோம், சத்து யாருக்கு போச்சு? அரிசி கஞ்சித் தண்ணியும் அப்படித்தான். பிள்ளையோட வயிறு சின்னது, அதை தண்ணியால ரொப்பிட்டா பாலும் குறையும் சத்தும் போகாது. ஸ்பூன்ல எடுத்து லேசா சாய்ச்சா டக்குன்னு ஒழுகாம மெதுவா வழுக்கணும், அதான் பதம்.

கேழ்வரகு பத்தி கேக்கறவங்களுக்கு, நல்லா கழுவி ராத்திரி ஊற வச்சு, தண்ணி வடிச்சு ஈரத்துணியில கட்டி தொங்க விட்டா ஒரு நாள், ஒன்றரை நாள்ல முளை விட்டுடும், நிழல்ல காய வச்சு வாசம் வர லேசா வறுத்து மிஷின்ல கொடுத்து அரைச்சு சலிச்சு வச்சுக்கோங்க. முளை கட்டறது சும்மா ஸ்டைலுக்கு இல்ல, இரும்பை உடம்புல சேர விடாம தடுக்கற ஒரு பொருள் தானியத்துல இருக்கு, முளை விடும்போது அது குறையுது. ஒரு ஸ்பூன் மாவை பச்சைத்தண்ணியில கட்டி இல்லாம கரைச்சுட்டு பிறகு அடுப்புல வச்சு கிண்டணும், நேரா சுடுதண்ணியில போட்டீங்கன்னா உருண்டை உருண்டையா நிக்கும். அங்கன்வாடியில தர்ற சத்துமாவும் ஆறு மாசத்துல இருந்து உண்டு, அது மாடு திங்கறதுன்னு சிலர் கேவலமா பேசுவாங்க, கண்டுக்காதீங்க, ஆனா அதுல வெல்லம் சேத்து இருக்கும், அதை மட்டும் பாத்துக்கோங்க.

ரெண்டு மூணு வாரம் பழகினதும் கீரை மசிச்சது, முட்டை, அசைவம் சாப்பிடற வீடுன்னா கோழி ஈரல், முள் எடுத்த மீன் எல்லாம் வரணும், இரும்புச்சத்து அங்கதான் இருக்கு. சைவம்னா பருப்பு கீரையோட ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழச் சாறோ தக்காளியோ சேருங்க, இரும்பு நல்லா சேரும்.

முட்டையும் வேர்க்கடலையும்

முன்னாடி எல்லாம் முட்டை, கடலை, மீன் இதெல்லாம் ஒரு வயசுக்கு மேலதான்னு சொல்வாங்க, அலர்ஜி வரும்னு. இப்ப நேர் எதிர். லண்டன்ல 640 கைப்பிள்ளைங்களை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 2015ல வெளியிட்டாங்க, எல்லாம் அலர்ஜி வர வாய்ப்பு அதிகம் உள்ள பிள்ளைங்க, அதுல சின்ன வயசுலயே வேர்க்கடலை சாப்பிட்டவங்களுக்கு கடலை அலர்ஜி எண்பது சதவீதத்துக்கு மேல குறைஞ்சு இருந்துச்சு. அதனால ஆறு மாசத்துக்கு அப்புறம் தள்ளிப் போடாம கொடுங்க, ஆனா ஒரு நாள்ல ஒண்ணு. முட்டை நல்லா வெந்து இருக்கணும், கடலையை வறுத்து நைஸா அரைச்சு கூழ்ல கால் ஸ்பூன் கலந்து கொடுக்கலாம். ரெண்டு மூணு நாள் அதையே கொடுத்து பாத்துட்டு அடுத்ததுக்கு போங்க. கேரட், பூசணிக்கெல்லாம் இவ்வளவு பயம் தேவையில்ல. தோல்ல கரப்பான் பயங்கரமா இருக்கற பிள்ளைன்னா மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு. வாயை சுத்தி தடிப்பு, திரும்ப திரும்ப வாந்தின்னா நிறுத்திட்டு காட்டுங்க, மூச்சு இழுத்தாலோ உதடு வீங்கினாலோ யோசிக்காம 108.

ஒரு வயசு வரைக்கும் வேண்டாதது

தேன். பொறந்த பிள்ளை நாக்குல சேனை வைக்கறதுல ஆரம்பிச்சு மாத்திரையை குழைச்சு கொடுக்கற வரைக்கும் நம்ம ஊர்ல தேன் இல்லாம எதுவும் இல்ல, ஆனா அதுல ஒரு கிருமியோட விதை இருக்கலாம், பெரியவங்க குடலை ஒண்ணும் பண்ணாது, கைப்பிள்ளை குடல்ல அது முளைச்சு விஷம் உண்டாக்கி உடம்பை தளர வச்சுடும். காய்ச்சினாலும் சாகாது. அதனால சுத்தமான மலைத்தேன்னாலும் வேண்டாம்.

உப்பு, சக்கரை ரெண்டும் வேண்டாம், கருப்பட்டி கல்கண்டும் சக்கரைதான். "உப்பில்லா பண்டம் குப்பையிலே"ன்னு எங்க அத்தை தினம் சொல்வாங்க, அவங்க நாக்குக்கு அது சரி, உப்பே தெரியாத நாக்குக்கு எப்படி குறை தெரியும்? வீட்டு சமையல்ல உப்பு போடறதுக்கு முன்னாடி பிள்ளைக்கு ஒரு கரண்டி எடுத்து வச்சுட்டா தனியா சமைக்கற வேலையும் மிச்சம். மாட்டுப்பால் குடிக்கற பாலா ஒரு வயசுக்கு மேல, சமையல்ல கொஞ்சம் சேத்தா பரவாயில்ல, தயிர் கொடுக்கலாம். டீயில நனைச்ச பிஸ்கட் கூடவே கூடாது, டீ இரும்பை தடுக்கும். தண்ணி காய்ச்சி ஆற வச்சு சாப்பாட்டோட ரெண்டு மூணு வாய் போதும்.

முழு கடலை, பொட்டுக்கடலை, முழு திராட்சை, பச்சை கேரட் துண்டு, முறுக்கு, இதெல்லாம் ஒரு வயசுக்கு அப்புறமும் தொண்டையில சிக்கும், வீட்ல பெரிய பிள்ளை இருந்தா அது அன்பா கொண்டு வந்து வாயில வைக்கும், ஒரு கண்ணு வச்சுக்கோங்க. ஓங்கரிச்சு, இருமி, முகம் சிவந்து, கண்ணுல தண்ணி வந்தா அது பழகற பிள்ளைக்கு சகஜம், தானா வெளிய தள்ளிடும், நீங்க பதறாதீங்க. சத்தமே வரலைன்னாதான் பயப்படணும், அழ முடியல, இரும முடியல, உதடு நீலமாகுதுன்னா உடனே கை மேல குப்புற போட்டு தலை கீழ இருக்கற மாதிரி தோள்பட்டை நடுவுல உள்ளங்கையால 5 தட்டு, திருப்பி போட்டு நெஞ்சு நடுவுல 5 தடவை அமுக்கு, வெளிய வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி, கூட இருக்கறவங்க 108க்கு போன் பண்ணணும். வாயில கண்ணுக்கு தெரியாத பொருளை விரலை விட்டு தேடாதீங்க, இன்னும் உள்ள போயிடும்.

அப்புறம் எப்படி கூட்டறது

ஆறுல இருந்து எட்டு மாசம் வரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேளை, ரெண்டு மூணு ஸ்பூன்ல ஆரம்பிச்சு மெதுவா 250 மில்லி கப்ல அரை கப். ஒன்பது மாசத்துல மூணு நாலு வேளை, அப்ப மிக்சியை நிறுத்திடுங்க, கையால மசிச்சாலே போதும், இட்லியை கையில கொடுத்தா தானா பிச்சு திங்கும். ரொம்ப நாள் அரைச்சே கொடுத்தீங்கன்னா பிறகு ஒரு பருக்கை பட்டாலும் துப்பும், எங்க பெரியவன் ரெண்டு வயசு வரைக்கும் அப்படித்தான் என் உயிரை எடுத்தான். பாலை நிறுத்த வேண்டாம், ரெண்டு வயசு வரைக்கும், அதுக்கு மேலயும் கொடுக்கலாம், சோறு பாலோட சேர்ந்துதான், பாலுக்கு பதிலா இல்ல.

வாயை மூடிக்கிட்டா, தலையை திருப்பிக்கிட்டா போதும்னு அர்த்தம், விட்டுடுங்க. இன்னைக்கு பீட்ரூட்டை துப்பினா அது பிடிக்காதுன்னு முடிவு பண்ணாதீங்க, பத்து தடவை காட்டுனாதான் சில பிள்ளை ஒத்துக்கும். காக்கா குருவி காட்டுங்க, போனை மட்டும் காட்டாதீங்க.

மலம் நாத்தம் அடிக்கும், கலர் மாறும், கேரட் கேரட்டாவே வரும், பயப்படாதீங்க. கெட்டியாகி முக்குனா சரியா பழுக்காத வாழைப்பழத்தை கொஞ்ச நாள் நிறுத்திட்டு தண்ணியும் ஊற வச்ச உலர் திராட்சையை மசிச்சதும் கொடுத்து பாருங்க. ரத்தம் வந்தாலோ, நாலஞ்சு தடவைக்கு மேல தண்ணியா போனாலோ டாக்டர்.

ஒன்பது மாசத்துல தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கு போகும்போது அந்த தாய் சேய் அட்டையை மறக்காம எடுத்துட்டு போய் எடை போட்டு கோடு போட சொல்லுங்க, கோடு மேல ஏறாம படுத்துட்டு இருந்துச்சுன்னா "எல்லா பிள்ளையும் இப்படித்தான்"னு வீட்ல சொல்றதை கேட்டு திரும்பி வராம, என்ன கொடுக்கறோம், எவ்வளவு கெட்டியா கொடுக்கறோம், எத்தனை வேளைன்னு அங்கயே உக்காந்து நர்ஸ் அக்காகிட்ட ஒண்ணு விடாம சொல்லி கேட்டுட்டு வாங்க.